பாவாடையின் நீளம்

புதுக்கவிதையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் சலிக்காமல் எடுத்து வைக்கும் உவமை ஒன்று உண்டு. யாப்பு ஆடை, எதுகையும் மோனையும் நகைகள், அவற்றைக் கழற்றி எறிந்த பின் நிற்பது கவிதையின் நிஜ உடம்பு. ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரு கட்சிக்கும் இதே உவமைதான். இவர்களுக்கு அது விடுதலை, அவர்களுக்கு மானக்கேடு. ஆடை என்பது உடம்புக்கு வெளியே இருக்கிற ஒன்று, வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் எடுத்துவிடலாம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. ஆனால் உவமையை வைத்துக்கொண்டே உவமையோடு சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. ஆடை நிஜமாகவே குறைக்கப்பட்டு, கடைசியில் கழற்றவும்பட்ட ஒரு கலையை எடுத்துக்கொண்டு, எந்த வருஷம், எந்தத் துணி, யார் செலவில் என்று ஸ்தூலமாகப் பார்த்துவிடலாம். மேற்கத்திய பாலே அதற்குத் தோதானது. அதன் அடையாளமே ஒரு பாவாடை.

அந்தப் பாவாடைக்குப் பெயர் டுட்டு. (வங்கியில் வேலை பார்க்கிறவன் இந்தச் சொல்லை எழுதினால் பிழை திருத்துகிறவர் ‘துட்டு’ என்று மாற்றிவிடும் அபாயம் உண்டு. மாற்றினாலும் பெரிய தப்பில்லை என்பது பின்னால் தெரியும்.) பிரெஞ்சுக்காரர்கள் குழந்தைகளிடம் பின்புறத்தைக் குறிக்கச் சொல்லும் செல்லச் சொல்லிலிருந்து வந்தது இது. 1880-களை ஒட்டித்தான் வழக்கில் தென்படுகிறது. பொருள் பிறந்து ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் பெயர். பெயர் வைத்தவர்களின் கண் மேடையில் எங்கே பதிந்திருந்தது என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது.

பொருள் பிறந்தது 1832 மார்ச் 12 அன்று, பாரிஸ் ஓபராவில். ‘லா சில்ஃபீட்’ என்ற பாலேயில் மாரி தாக்லியோனி காற்றில் வாழும் ஒரு தேவதையாக ஆடினார். உடையை வரைந்தவர் என்று ஓவியர் யூஜீன் லாமியின் பெயரைச் சொல்கிறார்கள். உடம்பை இறுக்கிய மேல்கச்சு, திறந்த தோள், கெண்டைக்கால் வரை மணிபோல் இறங்கும் அடுக்கடுக்கான வெள்ளை மஸ்லின். பூமியைத் தொட மனமில்லாதவளைப்போல் கால்விரல் நுனியில் நின்றார். இதையெல்லாம் நடன வரலாறுகள் சொல்லும். அவை ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாரிஸ் ஓபராவுக்கு வாயு விளக்கு வந்தது 1822-ல். மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் காட்டிய மேடை வேறு, வாயு விளக்கு காட்டிய மேடை வேறு. குறைத்து ஏற்ற முடிகிற அந்த நிலவொளியில்தான் மஸ்லின் ஓரம் கரைந்து, எங்கே துணி முடிகிறது எங்கே காற்று தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. தாக்லியோனியின் தேவதைத்தனத்தில் பாதி அவர் கால்களுடையது, மீதி அந்த விளக்கினுடையது. விளக்கைத் தனியாகவும் துணியைத் தனியாகவும் பிரித்து எடுத்தால் கையில் மிஞ்சுவது பத்து கஜம் வெள்ளைத் துணிதான்.

அதே விளக்குதான் எரிக்கவும் செய்தது. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1844 டிசம்பரில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நர்த்தகி உடையில் தீப்பிடித்துச் செத்தார். இப்படிப் பல. பிரான்ஸில் 1859-ல் அரசாங்கமே உத்தரவு போட்டது: மேடைத் துணியையும் உடையையும் தீப்பிடிக்காத ரசாயனக் கரைசலில் நனைத்தே பயன்படுத்தவேண்டும். கார்த்தரோன் என்பவரின் முறை அது. நனைத்த துணி விறைத்துக்கொண்டது. வெண்மை மங்கி அழுக்கு நிறமாயிற்று. அதாவது விளக்கில் கரைய மறுத்தது. பாரிஸ் ஓபராவின் அப்போதைய நட்சத்திரம் எம்மா லீவ்ரி அதை உடுத்த மாட்டேன் என்றார்; சாதாரண மஸ்லினிலேயே ஆடுவதாகவும் விளைவு தன் பொறுப்பு என்றும் 1860-ல் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதே 1860-ல் முதிய தாக்லியோனி இந்தச் சிஷ்யைக்காக ‘பட்டாம்பூச்சி’ என்றொரு பாலேயை அமைத்தார், ஆஃபென்பாக்கின் இசையில். அதில் நாயகியின் சிறகுகள் ஒரு தீவட்டியில் கருகும். 1862 நவம்பர் 15 அன்று, ‘போர்ட்டீச்சியின் ஊமைப்பெண்’ ஒத்திகையில், பக்கவாட்டு வாயு விளக்கில் லீவ்ரியின் பாவாடை பட்டது. எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து 1863 ஜூலை 26-ல் இறந்தார். இருபது வயதை ஒட்டிய பெண். எரிந்ததில் மிஞ்சிய கந்தல் துண்டுகளை ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கலைக்காகச் செய்த தியாகம் என்று உருகுவதற்கும், அந்தக் காலத்து அசட்டு அகங்காரம் என்று உதறுவதற்கும் எனக்கு விருப்பமில்லை. லீவ்ரி ஒரு கணக்குப் போட்டார் என்றே நினைக்கிறேன். விறைத்த துணியில் அவர் ஆடினால் அது ‘சற்றே அழகு குறைந்த அதே நடனம்’ ஆகாது, வேறொரு நடனம். குதித்து இறங்கும்போது உடம்பு தரைக்கு வந்த பிறகு அரைக்கணம் தாமதித்துத் துணி இறங்குகிறதே, அந்த அரைக்கணம்தான் அந்தப் பாணியின் சாரம். பார்வையாளனின் கண்ணில் அவர் இன்னும் இறங்கவில்லை. விறைத்த பாவாடை அவரோடு சேர்ந்தே தொப்பென்று இறங்கிவிடும். உடை உடம்புக்கு வெளியே இருக்கிற சமாசாரம் என்பவர்கள் இந்த அரைக்கணத்தைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அந்தக் கணக்குக்கு அவர் கொடுத்த விலை நியாயமா என்பது வேறு கேள்வி. அதை ஓபராவின் முதலாளிகளிடம் கேட்கவேண்டும். விளக்குக்குக் கூண்டு போட்டிருக்க அவர்களால் முடியும்.

பிறகு பாவாடை ஏறத் தொடங்கியது. காரணம் நாணம் குறைந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இத்தாலிய நர்த்தகிகள் ஒரு புது வித்தையோடு வந்தார்கள் என்பதுதான் காரணம். 1885-ல் ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்த வர்ஜீனியா ஸூக்கி, அரச அரங்கின் வழக்கத்தைவிடக் குட்டையான பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பியரீனா லெஞ்ஞானி 1893-ல் ‘சிண்ட்ரெல்லா’விலும் 1895-ல் ‘அன்னப் பொய்கை’யிலும் ஒரே இடத்தில் நின்று, ஒரு காலைச் சாட்டைபோல் வீசி வீசி 32 சுற்றுச் சுற்றினார். கெண்டைக்கால் வரை துணி தொங்கினால் அந்த முழங்கால் செய்வது யாருக்குத் தெரியும்? முழங்காலில் வித்தை இருந்தது; அதனால் முழங்கால் தெரிந்தது. அடுத்து தொடையில் வித்தை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இடுப்பிலிருந்து பக்கவாட்டில் தட்டையாக நீட்டி நிற்கிற டுட்டு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் பான்கேக் டுட்டு என்கிறார்கள். நாம் தோசை டுட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அடுக்கடுக்கான வலைத்துணி, உள்ளே ஒரு கம்பி வளையம்.

இங்கே ஓவியர் தேகாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1881-ல் அவர் காட்சிக்கு வைத்த பதினாலு வயது நர்த்தகிச் சிறுமியின் சிலை மெழுகு. ஆனால் பாவாடை நிஜத் துணி. பாவாடையை அவர் வடிக்கவில்லை, கட்டிவிட்டார். அவர் 1917-ல் இறந்தபின் அதை வெண்கலத்தில் பல பிரதிகளாக வார்த்தார்கள். வெண்கலம் அப்படியே இருக்கிறது. பாவாடை நைந்துபோகிறது, அருங்காட்சியகங்கள் மாற்றிக் கட்டுகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நீளம் மாறினால் சிறுமியின் வயதே மாறுகிறது. ஒன்றில் பள்ளிக்கூடப் பெண், இன்னொன்றில் விவரம் தெரிந்தவள். உடம்பில் ஒரு கோடுகூட மாறவில்லை.

டியாகிலேவின் ரஷ்யக் குழு பாரிஸை மயக்கிய 1909-க்குப் பிந்தைய இருபது வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். அந்தக் காலத்துக்கு வேண்டிய புகழ் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே டுட்டுதானா என்று ஃபோகின் கேட்டார், நியாயமாகவே. ஆனால் கதவைத் திறந்ததும் ஓவியர்கள் உள்ளே புகுந்தார்கள். 1917-ல் ‘பரேட்’ பாலேக்காகப் பிக்காஸோ செய்த அட்டைக் கோபுரங்களுக்குள்ளிருந்து ஆட்டக்காரர்களின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஓவியத்தின் வரலாற்றில் அது நல்ல நாளாக இருக்கலாம்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு கிளை வந்தது. ‘இறக்கும் அன்னம்’ ஆடி உலகம் சுற்றிய அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றுக்கொண்டவர் ருக்மிணி தேவி. உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா அவரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். 1935-ல் அடையாறில் பிரம்மஞான சபையில் அவர் சதிர் ஆடியபோது சேலை சுற்றிக் கட்டிய சேலையாக இல்லை. தைத்த உடையாகி, முன்னால் விசிறி மடிப்பு வந்திருந்தது. அதைத் தைப்பதில் ஓர் இத்தாலியப் பெண்மணியின் கை இருந்தது. கோயில் சிற்பத்திலிருந்து நேராக இறங்கி வந்ததாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் அந்த விசிறியைத் தையல் மிஷின் விரித்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அரைமண்டியில் முழங்கால்களுக்கு நடுவே அது விரிவது மேடையின் தூரத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நல்ல உத்தி. ஆனால் அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு. மீட்பு என்று சொல்லாதீர்கள். பாலசரஸ்வதி கட்டிய சேலையில்தான் ஆடினார். இரண்டு உடைகளிலும் ஆடியது ஒரே நடனம் என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டாம் போருக்குப் பின் கதை லண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கிறது. போர்க்காலத்தில் சோல்ஜர்கள் ஜோடி சேர்ந்து ஆடுகிற நடனக்கூடமாகிவிட்டிருந்த கவெண்ட் கார்டன் ஓபரா அரங்கு, 1946 பிப்ரவரி 20 அன்று ‘உறங்கும் அழகி’யோடு மறுபடி திறந்தது. ஆலிவர் மெஸ்ஸலின் உடைகள், மார்கோ ஃபான்டெய்ன் நாயகி. வெளியே துணிக்கு ரேஷன். பிரிட்டனில் அது 1949 வரை நீடித்தது. கூப்பன் எண்ணிக் கோட்டு வாங்கிய ஜனங்கள், ஓர் அரசவை முழுக்கப் பட்டும் வலையுமாக நிற்பதைப் பார்த்தார்கள். அலங்காரம் என்பது பொய் என்று அவர்களிடம் போய் யாராவது சொல்லிப் பார்த்திருக்கவேண்டும். கஞ்சி போட்டு நிறுத்தி வைத்த பருத்தி வலைத் துணிக்குப் பதில், போரில் பாரசூட்டுக்குப் போன நைலான் வந்தது. கஞ்சி வேலை குறைந்தது.

நியூயார்க்கில் இரண்டு காரியங்கள் ஒரே ஆளால், ஒரு வருஷ இடைவெளியில் நடந்தன. என் கட்டுரையே இந்த ஒரு வருஷத்தைப் பற்றியதுதான். ஆள் ஜார்ஜ் பாலன்ஷின்.

முதல் காரியம் 1950-ல். ஜார்ஜ் பிஸே பதினேழு வயதில் எழுதிய ஸிம்ஃபனிக்குப் பாலன்ஷின் 1947-ல் பாரிஸில் ஒரு பாலே அமைத்தார். லியோனார் ஃபினியின் உடையில், பகுதிக்கொரு ரத்தின நிறம். நியூயார்க்கில் அது ‘ஸிம்ஃபனி இன் ஸி’ ஆகி வெள்ளைக்கு வந்தது. கடைசிப் பகுதியில் 50 பேர் ஒரே சமயத்தில் மேடையில். மேடையோ சிட்டி சென்டரின் நெரிசலான மேடை. கம்பி வளையம் வைத்த தோசை டுட்டுவின் சங்கடம் இங்கேதான் தெரிந்தது. ஒருத்தியின் வளையம் பக்கத்தில் இருப்பவளின் வளையத்தில் இடித்தால், எதிர்ப்பக்கம் தராசுத் தட்டுப்போல் தூக்கிக்கொள்ளும். தீர்த்து வைத்தவர் உடை தைப்பவரான பார்பரா கரீன்ஸ்கா. 1886-ல் கார்கிவ் நகரில் பிறந்து, சோவியத் ரஷ்யாவிலிருந்து வெளியேறி, பாரிஸில் தொழில் நடத்தி, 1939-ல் அமெரிக்கா வந்தவர். ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் உடைக்காக ஆஸ்கார் விருதில் பங்கு பெற்றவர். அவர் வளையத்தை எடுத்துவிட்டார். ஆறேழு அடுக்கு வலைத்துணியைக் குட்டையாக வெட்டி, ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட அரை அங்குலம் நீளமாக வரும்படி வைத்து, அடுக்குகளை இறுக்கித் தைக்காமல் தளரப் பிடித்து நிறுத்தினார். தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் பஞ்சு உருண்டை. பவுடர் பூசும் பஃப்பின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இடித்தால் அமுங்கும், விலகினால் நிமிரும். மேல்கச்சின் விலாப்பக்கத் துண்டுகளைக் குறுக்குவாட்டில் வெட்டினார். நம் தையல்காரர்கள் கிராஸ் கட்டிங் என்பார்களே, அதுதான். மூச்சு இழுக்கும்போது துணி விரிந்து கொடுக்கும். பார்வையாளர் கண்ணுக்கு எட்டவே எட்டாத இடங்களில் பூவேலை செய்து வைப்பது அவர் வழக்கம். உடுத்துகிறவளுக்கு மட்டும் தெரியும். ஒப்பந்தத்தில் இல்லாத இந்தக் காரியத்தை என்னால் சட்டென்று விளக்க முடியவில்லை, ஆனால் எனக்குப் பிடித்த கவிஞர்கள் எல்லாரும் இதைச் செய்கிறவர்கள்.

இரண்டாவது காரியம் 1951-ல். ‘நான்கு குணங்கள்’ என்ற பாலே 1946 நவம்பர் 20-ல் முதலில் ஆடப்பட்டது. பணமில்லாத குழு, வாடகைக்குக் கிடைத்தது ஒரு தையல் தொழிற்பள்ளியின் அரங்கு. விதியின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும், உடைகள் படுமோசமாக அமைந்தன. கூர்ட் ஸெலிக்மன் என்ற சர்ரியலிஸ்ட் ஓவியர், ஆட்டக்காரர்களைத் துணிச்சுருளும் தலைப்பாரமுமாகக் கட்டிப் போட்டிருந்தார். கையும் காலும் எங்கே போகின்றன என்பதே தெரியவில்லை. 1951-ல் பாலன்ஷின் அதை மொத்தமாகத் தூக்கி எறிந்தார். பெண்களுக்குக் கறுப்பு லியோடார்ட், அதாவது உடம்போடு ஒட்டிய கச்சு (லெயோத்தார் என்ற ட்ரப்பீஸ் வித்தைக்காரனின் பெயர் அது), வெளிர்நிறக் காலுறை. ஆண்களுக்கு வெள்ளை பனியன், கறுப்புக் காலுறை. பயிற்சி உடை என்று பெயர். ‘கான்செர்ட்டோ பரோக்கோ’வுக்கும் இதே கதி. 1957-ல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ‘அகோன்’ வந்தபோது, கழற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. முதலிலிருந்தே அப்படித்தான் அமைக்கப்பட்டது. ஒளிப்பதிவில் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத பாலே அது. எந்த அன்னத்தையும் தேவதையையும்விட இதையே தேர்ந்தெடுப்பேன்.

நம் உவமைக்காரர்கள் இந்த இடத்தில் குதூகலிப்பார்கள்: பார்த்தாயா, கழற்றியதும் நிஜம் வந்துவிட்டது! அவசரப்படவேண்டாம். முதலாவது, கழற்றியவரே முந்தின வருஷம் 50 பேருக்கு வெள்ளை வலை உடுத்தியவர். எந்த ஆட்டத்துக்கு எது வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. கழற்றுவது அவருக்குக் கொள்கையாக இருந்ததே இல்லை. இரண்டாவது, துட்டு. பயிற்சி உடை மலிவு. மூன்றாவதுதான் முக்கியம். அது பயிற்சி உடையே அல்ல. பயிற்சி வகுப்பில் அவர்கள் உடுத்துவது பொத்தல் விழுந்த கம்பளிச் சட்டை, முழங்காலுக்கு மேல் இழுத்த கம்பளி உறை, நனைந்த துண்டு, மூன்று வருஷத்துக் கந்தல். மேடையில் வந்தது அதிலிருந்து எல்லாத் தற்செயலையும் வடித்து எடுத்த, அளவெடுத்துத் தைத்த கறுப்பும் வெள்ளையும். அதுவும் உடைதான், டுட்டு அளவுக்கு ஜோடனையானது. ‘எழுத்து’ தொடங்கிய 1959-லிருந்து இங்கே பேச்சு மொழியில் எழுதுவதாகச் சொல்லப்படும் கவிதைகளில் எவரும் பேசுகிறபடி பேசுவதில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நல்ல கவிஞர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் கழற்றியதே போதும் என்று குளிரில் நிற்கிறார்கள்.

1958-ல் இன்னொரு சோதனை. மெர்ஸ் கன்னிங்ஹாமின் ‘ஸம்மர்ஸ்பேஸ்’. பாவாடையில்லை, அலங்காரமில்லை, உடம்போடு ஒட்டிய உடை மட்டும். ஆனால் பின்திரையிலும் உடையிலும் ராபர்ட் ரௌஷென்பர்க் ஒரே மாதிரி வண்ணப்புள்ளிகளை அடித்து வைத்தார். ஆட்டக்காரர் அசையாமல் நின்றால் திரையில் மறைந்துபோகிறார். துணியைக் குறைத்தால் உடம்பு தெரியும் என்ற கணக்கு அதோடு தீர்ந்தது. அதே 1958-ல்தான் டுபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் லைக்ரா இழை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குமுன் காலுறை முழங்காலில் தொளதொளத்துப் பை போடும். இடுப்பில் நழுவாமலிருக்க ஒரு செப்புக்காசை உள்ளே வைத்துத் திருகிக்கொள்வார்கள். நாம் ‘நிர்வாணமான கோடு’ என்று வியக்கும் அந்தத் தொடைக்கோடு ஒரு பெட்ரோலியப் பொருள்.

‘அகோன்’ பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதன் இருவர் ஆட்டத்தை முதலில் ஆடியவர்கள் வெள்ளைக்காரியான டயானா ஆடம்ஸும் கறுப்பரான ஆர்தர் மிச்சலும். அதே 1957-ன் செப்டம்பரில் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நுழையப் பட்டாளம் வரவேண்டியிருந்தது. மேடையில் ஓர் அரசகுமாரன் உடை இருந்திருந்தால் கண்ணுக்கு ஒதுங்க ஒரு மூலை இருந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு, கறுப்பு வெள்ளைத் துணிக்கு நடுவே நிறமாக மிஞ்சியது தோல் மட்டும். அவர் கை அவர் கணுக்காலைப் பிடிப்பதைத் தவிரப் பார்க்க வேறெதுவும் இல்லை. பாலன்ஷின் அந்த நிறங்களைத் தெரிந்தேதான் ஜோடி சேர்த்தார்.

ஆனால் ‘வெறும்’ உடை என்று அவர்கள் நினைத்ததிலும் ஒரு நிறம் ஒளிந்திருந்தது. பெண்களின் காலுறையும் காலணியும் வெளிர் ரோஜா. தொழிலில் அதற்கு ‘தோல் நிறம்’ என்று பெயர். யாருடைய தோல் என்று கேட்காதவரை அது நிறமே இல்லை. இடுப்பிலிருந்து நுனிவிரல் வரை ஒரே கோடாக ஓடவேண்டும் என்பதற்காக வந்த ரோஜா, கறுப்புப் பெண்ணின் காலை இடுப்பில் வெட்டிவிடுகிறது. நூற்றைம்பது வருஷம் எந்த ஓவியர் கண்ணிலும் இது படவில்லை. மிச்சல் 1969-ல் தொடங்கிய ஹார்லெம் நடனக் குழுவில், 1974-ல்தான், ஒவ்வொருத்தியின் தோலுக்கும் தக்கபடி காலுறைக்கும் காலணிக்கும் சாயம் ஏற்றத் தொடங்கினார்கள். பவுடர் பஃப்புக்குப் பிறகு பாலே உடையில் நடந்த பெரிய காரியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். புதிதாக எதையும் தைக்கவில்லை. ஒரு வாளிச் சாயம்.

லண்டனின் ஃப்ரீட் கம்பெனி 1929-லிருந்து நுனிக்கால் காலணி செய்கிறது. ‘பாலே பிளாக்’ குழுவோடு சேர்ந்து பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் அது காலணி கொண்டுவந்தது 2018-ல். அதுவரை தங்கள் நிறம் வேண்டியவர்கள் முகப்பூச்சை வாங்கி, ஸ்பாஞ்சில் தோய்த்து, ரோஜா நிற ஸாட்டின் மேல் தாங்களே பூசிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். காலணி சில சமயம் ஓர் இரவு ஆட்டத்துக்குக்கூட முழுசாகத் தாங்காது. மறுநாள் அடுத்த ஜோடியை எடுத்துப் பூசுவார்கள்.